பாவலர் சகோதரர்கள்

கொங்கு நாட்டின் வடவிளிம்பில், மாயாற்றைக் கடந்தால் தெங்குமரஹாடா என்னும் சிற்றூர். 1976இல் வெளிவந்த ‘அன்னக்கிளி’ படமாக்கப்பட்ட மண் அது. அப்படத்தின் இசையை நாம் அறிவோம். அவ்விசை வளர்ந்த குடும்பத்தை நம்மில் எத்துணைப் பேர் அறிவோம்?

பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் பொதுவுடைமை மேடைகளின் பாடகர். 1958ஆம் ஆண்டு தேவிகுளம் இடைத்தேர்தலில், ரோசம்மா புன்னூசுக்காகத் தோட்டத் தொழிலாளர் நடுவே பாடினார். தம்பியர் பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் மூவரும் அவர்தம் குழுவிலேயே வளர்ந்தனர். குரல் உடையும் வரை பெண் குரலில் பாடியவர் சிறுவர் இளையராஜாவே. உழைத்துக் களைத்த மக்களை முதலடியிலேயே நிமிர்ந்து கேட்கச் செய்ய வேண்டும். அம்மேடை தந்த பயிற்சி அது.

1973இல் பாவலர் மறைந்தார். மூன்றே ஆண்டுகளில் தம்பியின் பெயர் திரையில் ஒளிர்ந்தது. காண அண்ணன் இல்லை. கங்கை அமரன் பாடலாசிரியராய், இசையமைப்பாளராய், இயக்குநராய்த் திகழ்ந்தார். நாட்டுப்பாடலில் தொடங்கிய இளையராஜா, 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார்.

வென்றவர் பெயர் தானே நிற்கும். வழி அமைத்தவர் பெயரை நாம்தாம் நிறுத்த வேண்டும்.