கெமெஞ்சே பாலமும் கித்தா மரங்களும்

கிம்மாஸிலிருந்து தம்பின் போகும் சாலையில் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தாண்டினால் சின்ன ஆறு ஒன்று வரும். பக்கத்திலேயே ஒரு போர் நினைவுச்சின்னம். பள்ளிக்கூட நாட்களில் தாத்தா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதைக் கடந்துதான் போவோம். "ஆஸ்திரேலியாக்காரன் சண்ட போட்ட எடம்" என்று அப்பா ஒரே வரியில் முடித்துவிடுவார். அதற்கு மேல் கேட்டால் அவருக்கும் தெரியாது.

போன வருடம் வேலை விஷயமாக அந்தப் பக்கம் போனபோது முதல்முறையாக வண்டியை நிறுத்தி இறங்கினேன். நல்ல வெயில். சுற்றிலும் செம்பனை. ஒரு காலத்தில் அந்த வட்டாரம் முழுக்கக் கித்தா மரங்கள்தான். நான் படித்தது பொறியியல். பாலத்தைப் பார்த்தால் அது எப்படி நிற்கிறது, எப்படி விழும் என்றுதான் முதலில் மனசு கணக்குப் போடும். அன்றைக்கு வேறு ஒரு கேள்வி வந்தது. இங்கே சண்டை நடந்த அன்று, இந்த மரங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த நம்ம ஆட்கள் எங்கே இருந்தார்கள்? அது யாருடைய சண்டை?

முதலில் சண்டையைப் பார்த்துவிடுவோம்.

1941 டிசம்பர் 8 பின்னிரவில் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. பேர்ல் ஹார்பர் தாக்குதல் அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் தொடங்கியது. டிசம்பர் 10-இல் பிரிட்டனின் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களும் குவாந்தான் கடலில் மூழ்கின. ஜித்ராவில் 11-வது இந்தியப் படைப்பிரிவு உடைந்தது. கம்பாரில் நான்கு நாள் தாக்குப்பிடித்தார்கள். ஜனவரி 7 விடியற்காலையில், சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் இருட்டோடு இருட்டாகச் சாலையிலேயே புகுந்து, அதே 11-வது பிரிவின் இரண்டு பிரிகேடுகளைச் சிதறடித்தன. ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது. அடுத்தது சிரம்பான், தம்பின், கிம்மாஸ். அப்புறம் ஜொகூர்.

இவ்வளவு வேகம் எப்படி? சைக்கிள்தான் பாதி பதில். ஜப்பானியக் காலாட்படை ஆயிரக்கணக்கான சைக்கிள்களில் வந்தது. டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள் என்றும், இரவில் அந்தச் சத்தம் டாங்கி வருவதுபோலக் கேட்டது என்றும் சொல்வார்கள். சைக்கிள் ஓட நல்ல சாலை வேண்டும். ஆசியாவின் இந்த மூலையில் மலாயாவில் அது இருந்தது. காரணம் ரப்பரும் ஈயமும். தோட்டத்துப் பாலைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட தார்ச்சாலையிலேயே படை வந்தது. பெரிய சாலையில் எதிரி மறித்தால், தோட்டத்துச் செம்மண் பாதைக்குள் புகுந்து பின்பக்கமாக வந்து நின்றது. அடர்ந்த காட்டைப் போலில்லை கித்தாக்காடு. வரிசை வரிசையாக மரம், கீழே களை வெட்டிச் சுத்தமாக இருக்கும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போகலாம். அந்த மரத்தை நட்டவர்கள், களை பிடுங்கியவர்கள், அந்தப் பாதைக்கு மண் வெட்டிப் போட்டவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இந்த வேகத்துக்கு விழுந்த முதல் பலமான அடிகளில் ஒன்று கெமெஞ்சே. அடித்தது ஆஸ்திரேலியாவின் 2/30-வது பட்டாலியன். தளபதி பிரெட்ரிக் கல்லகன். ஆற்றுப் பாலத்துக்கு இந்தப்புறம், சாலையோரப் புதர்களில் கேப்டன் டஃபியின் கம்பெனி ஒளிந்திருந்தது. பாலத்துக்கு அடியில் வெடிமருந்து கட்டியாயிற்று. 1942 ஜனவரி 14 மாலை நான்கு மணி வாக்கில் சைக்கிள்கள் வர ஆரம்பித்தன. துப்பாக்கியை முதுகில் கட்டிக்கொண்டு, ஊர்த் திருவிழாவுக்குப் போவதுபோலப் பேசிக்கொண்டே வந்திருக்கிறார்கள். முதலில் வந்த சில நூறு பேரைத் தொடாமல் உள்ளே விட்டார்கள். அடுத்த கூட்டம் பாலத்தின் மேலும் அதை ஒட்டியும் வந்தபோது பாலம் வெடித்தது. உடனே இரண்டு பக்கமிருந்தும் துப்பாக்கிச்சூடு, கையெறி குண்டு. இருபது நிமிடம் இருக்கும். அதோடு பதுங்கியிருந்தவர்கள் காட்டு வழியே பின்வாங்கிவிட்டார்கள்.

திட்டத்தில் இன்னொரு பாதி இருந்தது. பாலத்துக்கு அந்தப்புறம் தேங்கி நிற்கும் ஜப்பானியர் மேல் பின்னாலிருந்து பீரங்கிகள் சுட வேண்டும். சுடவில்லை. அந்தத் தகவலைச் சொல்ல வேண்டிய தொலைபேசிக் கம்பி அறுந்திருந்தது. விட்டு அனுப்பிய முதல் சைக்கிள் கூட்டம்தான் வழியில் கம்பியைப் பார்த்து அறுத்துவிட்டது என்கிறார்கள். தொழிற்சாலையில் வேலை செய்யும் என்னைப் போன்றவனுக்கு இது தினசரி பாடம்: எல்லாவற்றையும் ஒரே ஒரு கம்பியில் தொங்கவிடாதே.

மறுநாளே கிம்மாஸ் வரைக்கும் டாங்கிகள் வந்துவிட்டன. அதாவது ஜப்பானியப் பொறியாளர்கள் அதற்குள் அந்த ஆற்றைக் கடக்க வழி செய்துவிட்டார்கள். அங்கே ஆஸ்திரேலிய டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் பல டாங்கிகளை எரித்தன. அப்புறம் பட்டாலியன் பின்வாங்கியது. ஜப்பானியர் எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இரண்டு தரப்பும் சொல்லும் எண்ணிக்கைகளுக்கு நடுவே பெரிய பள்ளம். எது எப்படியோ, கெமெஞ்சே ஒரு வெற்றிதான். எதையும் மாற்றாத வெற்றி. ஏனென்றால் அதே வாரம் மேற்குக் கரையில் மூவார் ஆற்றங்கரை உடைந்தது.

மூவாரைக் காத்தது 45-வது இந்தியப் பிரிகேடு. ராஜ்புத்தானா, ஜாட், கடுவால் பட்டாலியன்கள். நிறையப் பேர் படையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பிள்ளைகள். மத்தியக் கிழக்குக்கு அனுப்புவதாக இருந்த படை அது, கித்தாக்காட்டுக்கு வந்து இறங்கியது. எதிரே ஜப்பானியப் பேரரசரின் காவல் படைப்பிரிவு. ஒரு வாரத்தில் பிரிகேடு இல்லாமலே போய்விட்டது. ஜனவரி 22-இல் பாரிட் சூலோங்கில், தூக்கிக்கொண்டு போக முடியாமல் விட்டுவந்த காயம்பட்டவர்களை ஜப்பானியர் கொன்றார்கள். ஏறக்குறைய 110 ஆஸ்திரேலியர், 40 இந்தியர். பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. சரணடைந்த படையில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்தியர்கள்.

இதில் 'தேசம்' எங்கே இருக்கிறது? ஒரு தேசம் தன் மண்ணில் நுழைந்தவனை எதிர்த்துப் போராடியது என்றுதான் போர் வரலாறுகள் எழுதப்படும். 1942 மலாயாவில் காத்து நின்றவர்கள் ஆஸ்திரேலியர், பஞ்சாபியர், கூர்க்கர், கடுவாலியர், ஸ்காட்லாந்துக்காரர். உள்ளூர்க்காரர்கள் என்றால் 1933-இல் நம்ம போர்ட்டிக்சனில் தொடங்கிய மலாய் ரெஜிமெண்ட், தொண்டர் படைகள், கடைசி நேரத்தில் ஆயுதம் கொடுத்த சீனத் தொண்டர்கள். பள்ளியில் நாம் படித்த லெப்டினன்ட் அட்னான், கெமெஞ்சேவுக்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 14-இல், சிங்கப்பூர் புக்கிட் சண்டுவில் செத்தார். அது வீரம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தோட்டத்து ஆட்களை யாரும் தேசமாக நினைத்ததில்லை. அவர்கள் தொழிலாளர் எண்ணிக்கை, அவ்வளவுதான்.

என் பாட்டிக்கு அப்போது பத்துப் பதினோரு வயது. அவர் கதையில் கெமெஞ்சே கிடையாது, கல்லகன் கிடையாது. "காலையில பெரட்டுக்குப் போனா தொர இல்ல. ராவோட ராவா காருல ஏறிப் போயிட்டான். கிராணி மட்டும் நிக்கிறாரு. 'இன்னைக்கு வேல இல்ல, எல்லாம் லயத்துக்குப் போங்க'ன்னாரு. அப்புறம் மூணு வருஷம் வேலையே இல்லப்பா." அவருடைய மலாயா யுத்தம் அந்த ஒரு காலைதான். காக்க வேண்டியவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்ட காலை.

மலாயா தன் அரிசியில் பெரும்பங்கை பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும்தான் வாங்கியது. அது நின்றதும் மரவள்ளிக்கிழங்கு. ரப்பரை வாங்க ஆளில்லை, சம்பளம் இல்லை. இருந்த காசும் வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு. சாக்கைக் கிழித்துக் கட்டிக்கொண்ட கதையைப் பாட்டி சிரித்துக்கொண்டே சொல்வார். தன் அண்ணன் கதையை மட்டும் சிரிக்காமல் சொல்வார். 415 கிலோமீட்டர் சயாம் – பர்மா ரயில்பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் போனார்கள். பெரும்பங்கு தோட்டத்துத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். அப்புறம் லாரியில் ஏற்றிக்கொண்டே போனார்கள். பாட்டியின் அண்ணன் லாரியில் ஏறியவர். திரும்பவில்லை. எந்தக் கல்லிலும் அவர் பெயர் இல்லை. கெமெஞ்சேயில் செத்த ஆஸ்திரேலியச் சிப்பாய்க்குப் பெயர், எண், வயது எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அதை நான் பொறாமையோடு சொல்லவில்லை. ஒரு தேசம் இருந்தால் செத்தவனுக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு அது ஓர் அளவு.

ஆனால் இங்கேயே நிறுத்தினால் நாமும் வசதியான வரலாறுதான் எழுதுகிறோம். இரண்டு விஷயங்களை நாம் அடிக்கடி தாண்டிப் போய்விடுகிறோம்.

ஒன்று, பக்கத்து வீட்டுச் சாவு. 1942 மார்ச் மாதம் இதே நெகிரி செம்பிலானில், கோலா பிலா அருகே பாரிட் திங்கியிலும், தித்தி அருகே ஜூ லுங் லுங்கிலும் ஜப்பானியப் படை சீனக் கிராமங்களை அழித்தது. ஜூ லுங் லுங்கில் மட்டும் செத்தவர்கள் 1,000-க்கும் மேல். குழந்தைகளும் உண்டு. இந்த மாநிலத்தில் ஜப்பானியரை எதிர்த்து 1945 வரை காட்டில் ஆயுதத்தோடு இருந்தது, பெரும்பாலும் சீனர்களைக் கொண்ட மக்கள் படைதான். நம் வீடுகளில் இந்த ஊர்ப் பெயர்களைச் சொல்லி நான் கேட்டதில்லை. சிரம்பானில் வளர்ந்த எனக்கே இருபத்தைந்து வயதில்தான் தெரிந்தது.

இரண்டு, நேதாஜி. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். அவர் பேச்சைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்டு, தோட்டத்து ஆட்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையின் பெண்களில் நிறையப் பேர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். தொரைக்கு முன்னால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டியிருந்தவன் கையில் முதல்முறையாகத் துப்பாக்கி. அவனை முதல்முறையாக ஒருவர் 'தேசம்' என்று கூப்பிட்டார். அந்தக் கிளர்ச்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். போருக்குப் பிறகு தோட்டங்களில் எழுந்த தொழிற்சங்கங்களுக்கும் தொண்டர் படைகளுக்கும் அந்த நிமிர்வில் பங்கு உண்டு.

ஆனால் அந்தத் துப்பாக்கியைக் கொடுத்தவன், அதே 1943-இல் அவன் அண்ணனைச் சயாமுக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். பட்டினிக்கும் சயாம் லாரிக்கும் பயந்து படையில் சேர்ந்தவர்களும் உண்டு. 1944-இல் ஜப்பானியரோடு சேர்ந்து இம்பால் வரை போனபோது, எதிர்ப்பக்கத்திலும் நின்றது பெரும்பாலும் இந்தியப் படைதான். ஒருவனுக்கு அது விடுதலைப் படை. இன்னொருவனுக்கு எல்லை தாண்டி வந்த எதிரி. இம்பாலில் வென்ற இந்தியச் சிப்பாயையும் மூவாரில் செத்த இந்தியச் சிப்பாயையும் நம் நினைவு அநாதையாகவே விட்டுவிட்டது. வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டான் என்று அவன் கதை அங்கேயும் கிடையாது, இங்கேயும் கிடையாது.

கடைசியில் மலாயாவை மீட்கப் படை வந்தது. 1945 செப்டம்பர் 9-இல், மோரிப்பிலும் போர்ட்டிக்சன் பக்கத்திலும் கரையிறங்கியது. ஜப்பான் அதற்கு முன்பே சரணடைந்துவிட்டது. அப்போது கரையிறங்கியதிலும் முன்னால் நின்றது இந்தியப் படைப்பிரிவுகள். பாட்டி ஞாபகத்தில் அதுவும் இல்லை. அவருக்கு யுத்தம் முடிந்தது இப்படி: "தொர திரும்பி வந்தான். பெரட்டு அடிச்சாங்க. கத்தியத் தீட்டிக்கிட்டு வேலைக்குப் போனோம்." புதுத் தொரையா, பழைய தொரையா என்று கேட்டேன். "எல்லாம் ஒன்னுதான்டா" என்றார்.

நினைவுச்சின்னத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். செம்பனைக்குள்ளிருந்து ஒரு வங்காளதேசத் தொழிலாளி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலைக்கு வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். இது என்ன இடம் என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அப்பா எனக்குச் சொன்ன அந்த ஒரு வரியைத் தவிர அவருக்குச் சொல்ல அப்போது என்னிடம் வேறெதுவும் இல்லை. அதற்காகத்தான் இவ்வளவும் தேடிப் படித்தேன்.