நெடுந்தீவு சொல்லித்தந்த பாடம்

வெள்ளவத்தையில் வசிப்பவர்களுக்குக் கடல் புதியதன்று. காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக எந்தத் தெருவால் இறங்கினாலும் புகையிரதப் பாதையும் அதற்கப்பால் கடலும் எதிர்ப்படும். நானும் பல்லாண்டுகளாக மாலைவேளைகளில் அந்தக் கடலைப் பார்த்து நின்றவன்தான். ஆனால், கடலைப் பார்ப்பது வேறு. கடலைக் கடந்தால்தான் பட்டினத்துக்குப் போகலாம் என்ற நிலையில் வாழ்வது வேறு. போர் முடிந்து சில ஆண்டுகளின் பின்னர் நெடுந்தீவுக்குச் சென்றபோதே இதனை உணர்ந்தேன். பத்திரிகைத் தொழிலில் தலைநரைத்த எனக்கு அத்தீவு இன்னுமொரு பாடத்தையும் வைத்திருந்தது.

புறப்படுவதற்கு முதல்நாள், கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரைச் சந்தித்தேன். நெடுந்தீவிற் பிறந்து, தீவகத்தவர் பலரைப் போன்று இளவயதிலேயே வியாபாரத்துக்காகக் கொழும்புக்கு வந்தவர். 1983 ஜூலையில் கடை எரிக்கப்பட்டபின், அகதிகளை ஏற்றிச்சென்ற ‘லங்கா கல்யாணி’ கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய்ச் சேர்ந்தார். நிலைமை தணிந்ததும் திரும்பிவந்து அதே தெருவில் மீண்டும் கடை திறந்தார்.

“அண்ணை, எங்கட வளவையும் ஒருக்காப் பார்த்துக்கொண்டு வாங்கோ. வீடு விழுந்திருக்கும். கல்வேலி நிக்குதோ எண்டு பார்த்தாற் போதும்” என்றார்.

“வளவுக்கு இலக்கம் ஏதும் இருக்கோ?”

“இலக்கம் என்னத்துக்கு? அப்பாவின்ர பேரைச் சொல்லுங்கோ. சின்னப் பிள்ளையும் காட்டும்.”

வெள்ளவத்தையில் இரவு ஏறிய பஸ் விடியற்காலையில் யாழ்ப்பாணத்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து பண்ணைத் தாம்போதியால் வேலணை. பின்னர் மற்றொரு தாம்போதியால் புங்குடுதீவு. அதன் கரையில் குறிகட்டுவான் இறங்குதுறை.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இத்தீவுகளுக்குத் தமது நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், காரைதீவு அம்ஸ்டர்டாம், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ப்ட் என்றெல்லாம் தேசப்படங்களில் எழுதிவைத்தனர். ‘மிடில்பேர்க்கில் இறங்கவேண்டும்’ என்று இன்று பஸ் நடத்துனரிடம் சொன்னால் அவர் சிரிப்பார். டெல்ப்ட் என்பது மட்டும் ஆங்கிலக் கடிதங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால், வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் தாம்போதியை, அதற்காக உழைத்த சகோதரர்களின் நினைவாக ‘வாணர் தாம்போதி’ என்றே மக்கள் அழைக்கின்றனர். பெயரின் ஆயுள் சூட்டுபவரின் அதிகாரத்தில் இல்லை. அழைப்பவரின் நாவில் இருக்கிறது.

இறங்குதுறையில் நின்ற படகின் பெயரைக் கண்டதும் என் கால்கள் தயங்கின. குமுதினி!

1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து பயணிகளை ஏற்றிவந்த குமுதினி நடுக்கடலில் மறிக்கப்பட்டது. படகில் ஏறியவர்கள் கடற்படையினரே என்று உயிர்தப்பியோர் கூறினர். வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டோர் குறைந்தது 23 பேர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை பதிவுசெய்தது. ஊரவர் கணக்கு அதனிலும் அதிகம். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடங்குவர். அதற்கு முதல்நாள், மே 14இல், அநுராதபுரத்தில் பஸ் நிலையத்திலும் ஸ்ரீமகாபோதி அருகிலும் விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டிருந்தனர். அவர்களிலும் பயணிகள் இருந்தனர். வழிபட வந்தவர்கள் இருந்தனர்.

அவ்விரு நாட்களும் நான் கொழும்பில் ஒரு பத்திரிகையின் செய்திப் பிரிவிற் பணியாற்றிக்கொண்டிருந்தேன். இரண்டு செய்திகளும் என் மேசைக்கு வந்தன. எத்தனை பேர், எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்பதையே திரும்பத் திரும்ப விசாரித்தேன். தலைப்புக்கு எண் போதுமாயிருந்தது. இறந்தவர்கள் யார் யார் என்று தேட நான் முயலவில்லை. மறுநாள் வேறு செய்தி வந்தது.

பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் சேவைக்கு விடப்பட்ட அதே குமுதினியில்தான் நானும் ஏறினேன். அருகில் வெற்றிலைப் பையுடன் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார்.

“இந்தப் படகில போய்வர உங்களுக்கு மனம் ஒரு மாதிரி இல்லையோ, ஆச்சி?” என்று கேட்டேன்.

“வேற பாதை என்ன இருக்குத் தம்பி? படகு என்ன பிழை செய்தது?” என்றார்.

சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, அன்று படகிற் போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். இன்னாரின் மகள், இன்னாரின் மருமகன், இன்ன வேலையாகப் புறப்பட்டவர் என்று, கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் சொல்வது போலச் சொன்னார். நான் பத்திரிகையில் இருந்தவன் என்று அறிந்ததும், “அப்ப பேப்பரில இந்தப் பேரெல்லாம் போட்டனீங்களோ?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டு எதுவுமில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டார். என்னிடம்தான் விடை இருக்கவில்லை.

ஏறத்தாழ ஒரு மணிநேரத்தில் தீவு வந்தது. கோட்டையின் இடிபாடுகளையும், ஒல்லாந்தர் காலக் குதிரை லாயங்களின் எச்சங்களையும், வெளியில் கட்டற்று மேயும் குதிரைகளையும் பார்த்தேன். ஆனால், என் மனதில் நின்றவை கல்வேலிகள்தான். சாந்து எதுவுமின்றி, முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய வேலிகள்.

நண்பரின் தந்தையின் பெயரைச் சொன்னதும் ஒரு சிறுவன் சைக்கிளில் முன்னே போய் வழிகாட்டினான். வீட்டின் கூரை இல்லை. சுவரொன்று சரிந்து கிடந்தது. கல்வேலி நின்றது. பக்கத்து வளவுகளையும் அவன் காட்டினான். ஒன்றின் சொந்தக்காரர் கனடாவில், மற்றவர் பிரான்ஸில். அவர்களுள் எவரையும் அவன் கண்டதில்லை. இருந்தும் ஒவ்வொரு வளவையும் உரியவர் பெயரால்தான் சொன்னான்.

கொழும்பு திரும்பியதும் நண்பரிடம் போய், “வேலி நிக்குது” என்றேன். அவர் வேலியைப் பற்றி மேலே கேட்கவில்லை.

“ஆர் காட்டினது?”

“பத்து வயதுப் பொடியன் ஒருவன். உங்கட அப்பாவின்ர பேரைச் சொன்ன உடனே கூட்டிக்கொண்டு போனான்.”

தராசில் சீனி நிறுத்துக்கொண்டிருந்தவரின் கை சற்றே நின்றது. பிறகு நிறுத்து முடித்தார். என்னிடம் தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

எண்ணிக்கை தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. வரலாற்றுக்கு அதுவும் வேண்டும். ஆயினும் அப்பயணத்தின் பின்னர், எந்தத் துயரத்தைப் பற்றி எழுத அமர்ந்தாலும், எத்தனை பேர் என்பதற்கு முன்னால் யார் என்று கேட்கிறேன். அதை ஒரு செய்தி ஆசிரியரிடமிருந்து நான் கற்கவில்லை. குமுதினியில் அருகிருந்த ஆச்சியிடம் கற்றேன், மிகவும் பிந்தி.