டவுன் கான்வென்ட்டின் இரண்டு வாசல்கள்

பள்ளிக்கூடம் இல்லாமல் போன பிறகு பள்ளிக்கூடக் கட்டடம் என்ன ஆகிறது? அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகிற பாதையோரத்தில் வளர்ந்த எனக்கு இந்தக் கேள்வியே வெகுநாள் தோன்றவில்லை. எங்கள் பக்கத்துக் கதைகள் எல்லாம் நேர் எதிரானவை. வாத்தியார் இருப்பார், பிள்ளைகள் இருப்பார்கள், கட்டடம் இருக்காது. மரத்தடியிலும் கொட்டகையிலும் படித்ததைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கட்டடம் கம்பீரமாக நிற்க, பள்ளிக்கூடம் மட்டும் காணாமல் போகும் கதையைக் கடல் தாண்டிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவில் இது சாதாரண விஷயம். 1960களின் நடுவில் அங்கே சுமார் 13,000 கத்தோலிக்கப் பள்ளிகளில் 52 லட்சம் பிள்ளைகள் படித்தார்கள். இன்று ஏறக்குறைய 6,000 பள்ளிகள், 17 லட்சம் பிள்ளைகள். சம்பளம் என்று பெரிதாக எதுவும் வாங்காமல் பாடம் நடத்திய கன்னியாஸ்திரிகள் 1965 வாக்கில் 1,80,000 பேர் இருந்தார்கள். இன்று 40,000 பேர்கூட இல்லை. அவர்கள் இடத்தில் சம்பள ஆசிரியர்களை அமர்த்தியபோது கட்டணம் ஏறியது. பங்கைச் சேர்ந்த குடும்பங்களும் நகரத்தை விட்டுப் புறநகருக்குப் போய்விட்டன. பூட்டிக் கிடந்த செங்கல் கட்டடங்களை வாங்கியவர்கள் அவற்றை அடுக்குமாடி வீடுகளாக மாற்றினார்கள். ஒரு வகுப்பறையின் பரப்பு ஒரு சின்னக் குடும்பம் இருக்கப் போதும். உயரமான கூரை, பெரிய ஜன்னல், நடுவே நீளமான நடைக்கூடம் எல்லாம் ஏற்கெனவே தயார். பதிவுபெற்ற பழங்கட்டடத்தை விதிமுறைப்படி புதுப்பித்து வாடகைக்கு விட்டால் செலவில் 20 சதவீதத்தை மத்திய வரியில் கழித்துக்கொள்ளலாம். அதனால் சில வீடுகளில் பழைய கரும்பலகையைக்கூட அப்படியே விட்டுவைக்கிறார்கள். ஒருகாலத்தில் முட்டிபோட்ட இடத்தில் இப்போது யாரோ கட்டில் போட்டுத் தூங்குகிறார்கள்.

தமிழர்கள் தினமும் கடந்துபோகும் ஓர் இடத்திலும் இப்படி ஒரு கட்டடம் இருக்கிறது. சிங்கப்பூர் சிட்டி ஹால் ரயில் நிலையத்திலிருந்து விக்டோரியா தெருப் பக்கம் நடந்தால் ஒரு கோபுரம் தெரியும். மாதாகோயில் என்று நினைத்து உள்ளே போனால் உணவகங்களும் பியர் கடைகளும் இருக்கும். சைம்ஸ் என்று பெயர். கான்வென்ட் ஆஃப் தி ஹோலி இன்ஃபன்ட் ஜீஸஸ் என்ற பெயரின் ஆங்கில முதலெழுத்துகளை எடுத்து, மணியோசையைக் குறிக்கும் சொல்லோடு கோத்து உண்டாக்கிய பெயர் அது. 1983 வரை அங்கே பள்ளி மணிதான் அடித்துக்கொண்டிருந்தது. படித்தவர்களுக்கு அது 'டவுன் கான்வென்ட்'.

அதன் தொடக்கத்துக்கும் எங்கள் ஊர்ப் பக்கத்துக்கும் ஒரு மெல்லிய தொடர்பு உண்டு. சிங்கப்பூரில் இந்தப் பள்ளிக்கு வழிசெய்த பியூரல் சாமியார், பாரிஸ் வெளிநாட்டு மறைபோதக சபையைச் சேர்ந்தவர். புதுச்சேரி மிஷனை 1776-இல் ஏற்றுக்கொண்ட அதே சபை. 1930-இல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது முதல் ஆயராக வந்த புருனியேயும் அந்தச் சபைக்காரர்தான். அந்தச் சேலத்திலிருந்துதான் 1997-இல் தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தது.

பியூரல் சாமியார் ஏற்கெனவே 1852-இல் லசால் சகோதரர்களை வரவழைத்து ஆண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியிருந்தார். அதுதான் செயின்ட் ஜோசப் இன்ஸ்டிட்யூஷன். பெண்பிள்ளைகளுக்கு என்ன செய்வது? பக்கத்தில் ஒரு வீடு இருந்தது. நீதிமன்ற எழுத்தர் கால்டுவெல்லுக்காக 1840-41-இல் ஜார்ஜ் கோல்மன் கட்டிய வீடு. அதை வாங்கி, குழந்தை இயேசு சபைச் சிஸ்டர்களுக்குக் கொடுத்தார். 1854 பிப்ரவரியில் மதர் மத்தில்ட் ராக்லோவோடு சிஸ்டர்கள் வந்து இறங்கினார்கள். பத்தே நாளில் இரண்டு வகுப்புகள் தொடங்கின. ஒன்று கட்டணம் செலுத்தும் பிள்ளைகளுக்கு, மற்றொன்று அநாதைப் பிள்ளைகளுக்கு. அந்தப் பிரிவு கடைசிவரை போகவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்தக் கட்டடத்தின் கதை இந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

விக்டோரியா தெருப் பக்கம் ஒரு சின்ன வாசல் உண்டு. 'நம்பிக்கை வாசல்' என்று இன்றைக்குப் பெயர். வளர்க்க வழியில்லாத, அல்லது வளர்க்க விரும்பாத குழந்தைகளைக் கூடையில் வைத்து, துணியில் சுற்றி, அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பெரும்பாலும் பெண்குழந்தைகள். புலி வருடத்தில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற சீன நம்பிக்கை அதற்கு ஒரு காரணம், வறுமை இன்னொரு காரணம். பெண் பிறந்தால் கள்ளிப்பால் என்ற சொல் புழங்கிய மாவட்டத்திலிருந்து போனவனுக்கு அந்த வாசலின் முன் நின்று சீனர்களைப் பற்றி வியக்க ஒன்றும் இல்லை. அங்கே விட்டுவிட்டுப் போக ஒரு வாசலாவது இருந்தது.

பெரிய வாசல் வழியாகப் போனவர்களில் ஒரு தமிழ் அம்மாவோடு நான் பேசியிருக்கிறேன். எழுபது வயதைத் தாண்டியவர்.

"நாங்க நீலச் சட்டை போட்டுக்கிட்டு பஸ்ல வருவோம் தம்பி. பள்ளிக்கூடம் விட்டா வீட்டுக்குப் போயிடுவோம். அவங்க அங்கேயே இருப்பாங்க."

"நீங்க அவங்களோட விளையாடுவீங்களாம்மா?"

"பாப்போம். சிரிப்போம். அவ்வளவுதான். அவங்க தையல் வேலைல கெட்டிக்காரங்க. எங்கம்மா அவங்க தச்ச மேசைத்துணி ஒண்ணு வாங்கி வெச்சிருந்தாங்க. யார் தச்சதுன்னு பேர் தெரியாது."

சிறிது நேரம் கழித்து அவரே சொன்னார்: "பழைய மாணவிகள் கூட்டம் வருஷா வருஷம் நடக்குது. அவங்கள்ல யாராவது வந்திருக்காங்களான்னு நான் கேட்டதே இல்ல தம்பி."

பள்ளி ஏன் போனது? அமெரிக்காவைப் போலப் பிள்ளைகள் குறைந்து அல்ல. பிள்ளைகள் இருந்தார்கள்; அவர்கள் வீடுதான் இடம் மாறிவிட்டது. 1960-இல் வீட்டுவசதி வாரியம் வந்த பிறகு நகர நடுவில் நெருக்கியடித்து வாழ்ந்த மக்கள் புதுநகரங்களுக்குப் போனார்கள். நகர நடுவின் நிலம் பொன்னானது. பிராஸ் பாசா சாலையைச் சுற்றியிருந்த பள்ளிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ராஃபிள்ஸ் இன்ஸ்டிட்யூஷன் 1972-இல் போனது. அதன் கட்டடத்தை இடித்துவிட்டு, அங்கே ராஃபிள்ஸ் சிட்டி என்ற ஹோட்டலும் கடைத்தொகுதியும் எழுப்பினார்கள். கான்வென்ட் 1983-இல் தோ பாயோவுக்குப் போனது. செயின்ட் ஜோசப் 1987 இறுதியில் மால்கம் சாலைக்கு.

ராஃபிள்ஸுக்கு நேர்ந்தது கான்வென்ட்டுக்கு நேராததற்குக் காரணம் காலம்தான். நடுவில் பத்து வருடங்களில் நகரத்தின் மனம் கொஞ்சம் மாறியிருந்தது. 1990 அக்டோபரில் கால்டுவெல் வீடும் சிற்றாலயமும் தேசியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. 1904-இல் முடிந்த அந்தச் சிற்றாலயத்தை வடிவமைத்தவர் நேன் சாமியார். உள்ளேயும் தாழ்வாரத்திலுமாக 648 தூண்களின் தலைப்பகுதிகளில் வெப்பமண்டலச் செடிகளும் பறவைகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. பெல்ஜியத்திலிருந்து வந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். எல்லாவற்றையும் பொறுமையாகச் செப்பனிட்டார்கள். முற்றத்தைத் தோண்டித் தாழ்தளக் கடைகள் அமைத்தார்கள். 1996-இல் சைம்ஸ் திறந்தது. 2002-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுப் பட்டியலில் இடம்பெற்றது.

கல்லுக்கு இத்தனை மரியாதை கிடைத்தது. ஆனால் அந்தக் கல்லுக்குள் என்ன நடக்கலாம் என்பதைச் சட்டம் சொல்வதில்லை. 2014-இல் ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை அங்கே ஒரு நடன விருந்து அறிவிக்கப்பட்டது. விளம்பரத்தில் கன்னியாஸ்திரி வேடத்தில் பெண்கள். கத்தோலிக்கச் சபை எதிர்த்தது, விருந்து நடக்கவில்லை. அந்தச் சிற்றாலயம் அர்ச்சிப்பு நீக்கப்பட்ட இடம். சட்டப்படி அது வெறும் மண்டபம். அப்படியானால் யாருக்கு, ஏன் வலித்தது? ஒரு இடத்தில் மண்டியிட்ட முழங்காலுக்கு அது வெறும் மண்டபம் ஆகிவிடாது. அதைச் சட்டத்தில் எழுதவும் முடியாது.

பக்கத்திலேயே செயின்ட் ஜோசப் கட்டடத்துக்கு வேறு விதி. 1996-இல் அது சிங்கப்பூர்க் கலை அருங்காட்சியகம் ஆனது. வகுப்பறைகளில் ஓவியங்கள் தொங்கின. இரண்டையும் அமெரிக்க அடுக்குமாடி வீடுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. மாற்றுப் பயன்பாடு என்பது கடைசியில் யாருக்குக் கதவு திறக்கும் என்ற முடிவுதான். வீடாக மாறினால் கட்டடம் நன்றாகப் பிழைக்கும். யாரோ தினமும் விளக்கேற்றுவார்கள், கூரை ஒழுகாது. ஆனால் படித்தவர்கள் உள்ளே போக முடியாது. தன் பழைய வகுப்பறையைப் பார்க்க இன்னொருவர் வீட்டு அழைப்புமணியை அழுத்த வேண்டும். அருங்காட்சியகமானால் ஆர்வம் உள்ளவர்கள் போகலாம். உணவகமானால் காசு உள்ளவர்கள் போகலாம். அந்த அம்மா தன் மகன் திருமண வரவேற்பை அந்த மண்டபத்தில் நடத்த ஆசைப்பட்டாராம். "வாடகை கேட்டேன், வந்துட்டேன்" என்றார்.

இருந்தாலும் இடித்துவிட்ட ராஃபிள்ஸை நினைத்தால், வாடகை கேட்கவாவது ஒரு கட்டடம் இருப்பது மேல் என்றே சொல்வேன். ஆனால் கட்டடத்தைக் காப்பதும் நினைவைக் காப்பதும் ஒன்றே என்று நம்பிவிடக் கூடாது. பழைய மாணவிகளுக்குச் சங்கம் உண்டு, புகைப்படம் உண்டு, தோ பாயோவில் தொடர்ந்து நடக்கும் பள்ளி உண்டு. தையல் அறையில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சுவர்கள்தான் பள்ளியும் வீடும். பள்ளி இடம் மாறியபோது மாணவிகள் கூடவே போனார்கள். வீடு இடம் மாறினால் எங்கே போவது?

நம் ஊரில் நூறு வருடம் தாண்டிய கத்தோலிக்கப் பள்ளிகள் இன்னும் பிள்ளைகளால் நிரம்பித்தான் இருக்கின்றன. மூடுகிற நிலைமை வருவது பிள்ளைகள் குறைந்த சின்ன அரசுப் பள்ளிகளுக்குத்தான். அந்தக் கட்டடங்களை யாரும் தேசியச் சின்னம் என்று அறிவிக்கப் போவதில்லை, உணவகமாக மாற்றவும் வரப்போவதில்லை. செங்கல்லை நம்பியிருக்க முடியாத இடத்தில் பேச்சைத்தான் நம்ப வேண்டும். சித்தேரியில் முதன்முதலில் சிலேட்டு பிடித்த தலைமுறையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். விடுதியில் தங்கியவர்கள், நடுவில் நின்றுபோனவர்கள், சமைத்துப் போட்டவர்கள் என்று எல்லாரையும் கேட்டு எழுதிவைக்க ஒரு நோட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

சைம்ஸில் அந்தச் சின்ன வாசல் இன்றும் இருக்கிறது, விளக்கப் பலகையோடு. பெரிய வாசல் வழியாக ஆட்கள் சாப்பிடப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். சின்ன வாசல் வழியாக உள்ளே போன யாரும், பேர் சொல்லும் வயதில் போகவில்லை.