குழந்தைக்கென ஒரு பாத்தி

ஜெர்மனியில் மே மாத நடுவில் ‘பனிப் புனிதர்கள்’ என்று பெயர் பெற்ற சில நாட்கள் உண்டு. அவை கழிந்தபிறகே உறைபனி பயமில்லாமல் பீன்ஸ் விதைப்பார்கள். மண்ணில் சூடு ஏறியிருக்கும் அந்தக் கோடைத் தொடக்கத்தில் பீன்ஸ் ஒன்றிரண்டு வாரத்தில் தலைநீட்டும். சிறு முள்ளங்கி ஏறக்குறைய ஒரு மாதத்தில் பிடுங்கத் தயாராகும். நான்கு வயதுப் பிள்ளையின் பொறுமைக்குள் அடங்கும் காலம் அது. துரிங்கியா மலைப்பகுதியில் பிறந்து, பதின்வயதில் வனக்காவலர் ஒருவரிடம் தொழில் பழகிய கல்வியாளர் ஃபிரெட்ரிக் ஃபிரோபெலுக்கு மண்ணின் இந்தப் போக்கு நன்கு தெரியும். 1840 ஜூன் 28 அன்று பாட் பிளாங்கன்பர்க்கில் அவர் தொடங்கிவைத்த கிண்டர்கார்டன் முறையில் தோட்டம் வெறும் அலங்காரம் அன்று. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பாத்தி. இடம் போதாவிட்டால் இருவருக்கு ஒன்று. சுற்றிலும் எல்லோருக்கும் பொதுவான பாத்திகள். பொதுப் பாத்தியில் பூவும் காயும் எல்லோர் கவனிப்பிலும் ஒழுங்காக வளர வேண்டும். தன் பாத்தியிலோ குழந்தை விரும்பியதை விரும்பியபடி நடலாம். அசட்டையாக இருந்தால் செடி வாடும் என்பதை அது அங்கேயே கண்டுகொள்ளட்டும் என்பது ஃபிரோபெலின் எண்ணம். பிழை செய்யும் உரிமையையும் பொதுப் பொறுப்பையும் அருகருகே வைத்த இந்த ஏற்பாடுதான் அவர் தோட்டத்தின் உயிர் என்பேன். பின்வந்தவர்கள் பலர் கைவிட்டதும் இதைத்தான்.

பிரஷ்ய அரசு 1851இல் கிண்டர்கார்டனைத் தடைசெய்தது. மறு ஆண்டே ஃபிரோபெல் இறந்தார். 1860இல்தான் தடை நீங்கியது. அதற்குள் அவர் வழி வந்தவர்கள் அந்த முறையை இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுசென்றிருந்தார்கள். அமெரிக்காவில் மில்டன் பிராட்லி, ஃபிரோபெல் குழந்தைகளின் விளையாட்டுக்கென வகுத்த பந்துகளையும் மரக்கட்டைகளையும் செய்து விற்கத் தொடங்கினார். பெட்டியில் அடைத்து அனுப்ப முடிந்தவை ஊர் ஊராகப் பரவின. பாத்தியை அப்படி அனுப்ப முடியாதே. நெருக்கடியான நகரத்தில் நிலத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஃபேனி பார்சன்ஸ் 1902இல் நியூயார்க்கின் டிவிட் கிளின்டன் பூங்காவில் குழந்தைகளுக்குப் பாத்தி பிரித்துக் கொடுத்தார். காய் பறிப்பது மட்டும் அவர் நோக்கமன்று. பொதுச்சொத்தைத் தன்னுடையதுபோல் பேணும் பழக்கம் வர வேண்டும் என்று விரும்பினார். ரோமில் மரியா மாண்டிசோரி 1907இல் தொடங்கிய குழந்தைகள் இல்லமும் சான் லோரென்சோவின் ஏழைக் குடியிருப்பில்தான் இருந்தது. அதன் முற்றத்திலும் செடி வளர்த்தார்கள்.

முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா பிள்ளைகளைக் கொண்டு உணவு விளைவிக்கப் பள்ளித் தோட்டப் படை ஒன்றை அமைத்தது. ஃபிரோபெல் கனவிலும் காணாத அளவுக்குப் பிள்ளைகள் மண்ணில் இறங்கினார்கள். அதைக் குறை சொல்வானேன் என்று ஒருவர் கேட்டால், அந்தப் பிள்ளைகளின் உழைப்பு மதிப்புக்குரியதுதான். ஆனால் அங்கே தோட்டத்தின் அளவுகோல் விளைச்சல். போர் முடிந்து உணவுத் தட்டுப்பாட்டின் அச்சம் தணிந்ததும் அரசின் பணம் நின்றது, படையும் கலைந்தது. குழந்தையின் வளர்ச்சிக்காக என்று தொடங்கியிருந்தால் அமைதிக் காலத்திலும் அதற்கு வேலை இருந்திருக்கும்.

சிறு பிள்ளைகள் முளையைப் பிடுங்கிப் பார்ப்பார்கள், விதை வீணாகும் என்பது இன்னொரு தடைச்சொல். வீணாகும், உண்மைதான். ஆனால் விதைத்துவிட்டுக் காத்திருப்பதே குழந்தைக்குப் பொறுமையைப் பழக்கும் என்று மாண்டிசோரி எழுதினார். அவசரப்பட்டுப் பிடுங்கிய பிள்ளைக்குப் பக்கத்துப் பாத்தியில் எழும் கொடியைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. அந்த மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொடைக்கானலில் தங்கி, குழந்தைகளுக்கு இயற்கையை அறிமுகப்படுத்தும் வழிகளை விரித்து வகுத்தார். ஜெர்மனியின் மே மாத விதைப்பை நாம் நகலெடுக்க வேண்டாம். ஆடிப்பட்டம் வரும்போது முழ அகலப் பாத்தியோ, அதுவும் இல்லையென்றால் ஒரு தொட்டியோ, கைப்பிடி அவரை விதையோடு பிள்ளையிடம் கொடுங்கள். அது செய்யும் தவறைத் திருத்த ஓடாதீர்கள்.