பத்தடி வளையம்

கொட்டாஞ்சேனையில் கூடைப்பந்தாட்டம் என்றால் உடனே நினைவுக்கு வருவது புனித பெனடிக்ட் கல்லூரி. வெள்ளவத்தைப் பெண்பிள்ளைகளுக்கோ பாடசாலையில் வலைப்பந்தாட்டம். இரண்டையும் ஒன்றாகப் பேசுவார் குறைவு. ஆனால் வளையத்தின் உயரம் இரண்டிலும் பத்தடிதான். அந்தப் பத்தடிக்குக் கிட்டவாக வளர்ந்த இருவர், ஏழடிக் கூடைப்பந்து வீரர் டேர்க் நொவிட்ஸ்கியும் ஆறடி பத்து அங்குல வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கமும், கிட்டத்தட்ட ஒரே வயதினர். அவர் 1978 ஜூனில் ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரில் பிறந்தார். இவர் 1979 ஜனவரியில், யாழ்ப்பாணத்து ஈவினையில்.

“உயரம் இருக்கு, போடுறா” என்று தர்ஜினியைப் பற்றிச் சொல்வார்கள். நொவிட்ஸ்கியைப் பற்றி யாரும் அப்படிச் சொல்வதில்லை. காரணம், அவர் உயரத்தோடு வளையத்தை விட்டு விலகிப் போனவர். ஏழடிக்காரன் கூடைக்குக் கீழே நிற்பதே அன்றைய வழக்கம். பழைய ஜேர்மன் தேசிய வீரர் ஹோல்கர் கெஷ்விண்ட்னர், பந்து எந்தக் கோணத்தில் எழுந்தால் கூடைக்குள் விழும் என்று கணக்குப் போட்டே நொவிட்ஸ்கியைத் தூரத்திலிருந்து எறியப் பழக்கினார். ஒற்றைக்காலில் பின்னே சாய்ந்து எறியும் அந்த வீச்சைத் தடுக்க ஆளில்லை.

தர்ஜினி வளையத்தின் கீழேயே நின்றார். வலைப்பந்தாட்ட விதி அப்படி: பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது, கையில் மூன்று வினாடிக்கு மேல் வைத்திருக்க முடியாது, வட்டத்துக்குள் நின்று கோல் போட இருவருக்கு மட்டுமே உரிமை. கூடைப்பந்தில் பலகையில் பட்டும் பந்து உள்ளே விழும். இங்கே பலகையே இல்லை, வளையமும் சிறியது. தலைக்கு மேலே உயர்த்தி எறியப்படும் பந்தை, இரண்டு பேர் முட்டி நிற்கும்போது எட்டிப் பிடித்து, அந்த மூன்று வினாடிக்குள் தவறாமல் போட உயரம் மட்டும் போதுமா? 2019இல் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள் போட்டு முதலிடத்தில் நின்றவர், தோற்ற ஆட்டங்களே அதிகமான அணியிலிருந்து வந்த இந்த நாற்பது வயதுக்காரி. பந்து அவரிடம் வந்து சேர்வதே பெரும்பாடாயிருந்த ஆட்டங்கள் அவை. அந்த எண்ணை, நொவிட்ஸ்கி அமெரிக்காவின் NBA லீக்கில் எடுத்த 31,560 புள்ளிகளுக்குப் பக்கத்தில் வைக்க நான் கூச்சப்படமாட்டேன்.

வாழ்க்கைதான் ஒப்பிட முடியாதபடி விலகுகிறது. நொவிட்ஸ்கியின் தாய் தேசிய கூடைப்பந்து வீராங்கனை, தந்தை கைப்பந்து (ஹேண்ட்போல்) வீரர். டலஸ் மெவரிக்ஸ் என்ற ஒரே கழகத்தில் 21 பருவங்கள், 2011இல் சாம்பியன் பட்டம். தர்ஜினிக்குப் போர்க்கால யாழ்ப்பாணம், பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பு, பிறகு கொழும்பில் செலான் வங்கி வேலை. இங்கே வலைப்பந்தாட்டக்காரிக்குச் சோறு போடுவது கழகமல்ல, வங்கிகளும் கம்பனிகளும்தான். நடுவில் அவுஸ்திரேலியாவிலும் விளையாடினார்.

2022 செப்டெம்பரில் கொலோனில், ஜேர்மனி நொவிட்ஸ்கியின் 14ஆம் இலக்கச் சட்டையை மண்டப முகட்டில் ஏற்றிவைத்தது. அவர் ஆட்டத்தை நிறுத்தி மூன்றாண்டு ஆகியிருந்தது. அதே மாதம் சிங்கப்பூரில், 43 வயதில், தர்ஜினி வளையத்தின் கீழே நின்று ஆசியக் கிண்ணத்தை இலங்கைக்கு ஆறாவது தடவையாக வென்றுகொண்டிருந்தார்.