நாசிக் ஒயின்
மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில் விளையும் திராட்சையை நொதிக்கவைத்துத் தயாரிக்கப்படும் மதுவகை. மும்பை மான்குர்த்திலிருந்து தாணே, கசாரா மலைப்பாதை வழியாக இத்திராட்சைத் தோட்டங்களை அடையலாம். 1997இல் சுலா தோட்டத்தில் சோவிஞோன் பிளாங்க், செனின் பிளாங்க் கொடிகள் நடப்பட்டன. 2001இல் மாநில ஒயின் கொள்கை வந்தது. ஐரோப்பாவில் கொடி குளிர்காலத்தில் உறங்கும். இங்கோ அப்போதுதான் காய்க்கும். ஏப்ரலிலும் மழைக்காலம் முடியும் தறுவாயிலும் கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச் வரை குலைகளை அறுக்கின்றனர். பயணம் செல்ல ஏற்ற பருவமும் அதுவே. பரவலாக அறியப்படாத வகைகளில் இகத்புரி அருகே வலோன் தோட்டத்தின் மால்பெக், வியோனியே ஆகியவை குறிப்பிடத்தக்கவை. தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கியது கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை (மஸ்கட் ஹாம்பர்க்). 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இது பெரும்பாலும் பழமாகவே விற்பனையாகிறது.