வண்டிக்கு முன் தொழிலாளி: புனே வாகனத் தொழிலின் 11 ஆண்டுகள்

புனேயின் வாகனத் தொழில் பற்றிய பேச்சு இன்று பெரும்பாலும் சாக்கனிலிருந்தே தொடங்குகிறது. 2009இல் வோல்க்ஸ்வாகன் அங்கு ஆலை திறந்தது. மெர்சிடிஸ் பென்ஸும் அதே ஆண்டில் அங்கு இடம்பெயர்ந்தது. நிலம், நெடுஞ்சாலை, மும்பைத் துறைமுகத்தின் அண்மை ஆகியவை காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இவை பொய்யல்ல, முழுமையும் அல்ல. அந்நிறுவனங்கள் வந்தபோது தேர்ந்த தொழிலாளர் அங்கு ஏற்கெனவே இருந்தனர். அவர்களை உருவாக்கியது யார், எவர் செலவில் என்பதே ஆராயத்தக்க வினா.

கட்கியில் 1869இல் வெடிபொருள் தொழிற்சாலை நிறுவப்பட்ட காலம் முதலே உலோகவேலை இந்நகருக்குப் பழக்கமானது. 1946இல் கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸ், 1960களில் ஆகுர்டியில் பஜாஜ் ஆட்டோ எனத் தொழில் விரிந்தது. 1962இல் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் தோன்றி, பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதி நிலங்களைத் தொழிற்பேட்டைகளாக்கியது.

திருப்பம் டெல்கோவின் வருகை. சுமந்த் மூல்காவ்கரின் தலைமையில் அந்நிறுவனம் 1966இல் புனேயில் கால் வைத்தது. ஆனால் அங்கிருந்து முதல் வணிக வாகனம் வெளிவந்தது 1977இல்தான். இடைப்பட்ட 11 ஆண்டுகளை வெறும் தாமதமாகக் கொள்வது பிழை. அந்நியச் செலாவணி அரிதாக இருந்த காலம் அது. இயந்திரங்களை இறக்குமதி செய்வது கடினம். ஆகவே வண்டியைச் செய்வதற்கு முன், வண்டி செய்யும் இயந்திரங்களையும் அச்சுகளையும் செய்யும் திறன் வளர்க்கப்பட்டது. அதற்குரிய தொழிலாளர்களும் பயிற்றுவிக்கப்பட்டனர். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இதற்குச் சட்ட வடிவம் தந்தது. அரம் பிடித்து இரும்பைச் சமதளமாக்குவதில் தொடங்கும் பயிற்சி, பிட்டராகவும் டர்னராகவும் நிலையான வேலையில் அமரும் நம்பிக்கையோடு பிணைந்திருந்தது.

இத்திறன் ஆலைமதிலுக்குள் அடங்கவில்லை. பெரிய ஆலைகளில் பழகியவர்கள் போசரியில் சிறு பட்டறைகள் தொடங்கி உதிரிபாகம் வழங்கினர். மெர்சிடிஸ் 1995இல் தன் இந்தியக் கார்களைப் பூட்டத் தொடங்கியதும் டெல்கோவின் புனே வளாகத்தில்தான். 1998இல் வந்த இண்டிகாவுக்காக, ஆஸ்திரேலியாவில் நிசான் கைவிட்ட உற்பத்தி வரிசை பிரித்துக் கொணரப்பட்டு இங்கே மீண்டும் நிறுவப்பட்டது. இதை வாங்கப் பணம் போதும்; இயங்கச் செய்யக் கைப்பழக்கம் வேண்டும்.

திறன் பெற்றவர் பேரம் பேசும் வலிமையும் பெற்றார். ராஜன் நாயர் தலைமையில் டெல்கோ தொழிலாளர்கள் 1989 செப்டம்பரில் சனிவார் வாடாவில் மேற்கொண்ட உண்ணாநிலைப் போராட்டம், காவல்துறை நடவடிக்கையால் கலைக்கப்பட்டது. புனேயின் தொழில் வரலாற்றை எழுதுவோர் இந்நிகழ்வைத் தொழிலுறவுச் சிக்கல் என்று தனி இயலுக்கு ஒதுக்கிவிடுகின்றனர். திறனாக்கமும் உரிமைக்குரலும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள் என்பது அதனால் மறைகிறது.

இன்றும் ஆலைகளில் 'பயிற்சியாளர்' என்னும் சொல் உண்டு, பொருள்தான் மாறிவிட்டது. 2014இல் தொழிற்பழகுநர் சட்டம் நிறுவனங்களுக்கு எளிதாகத் திருத்தப்பட்டது. ஐ.டி.ஐ. முடித்த இளைஞர் பலர் உற்பத்தி வரிசையில் நின்று, உதவித்தொகை பெற்று, காலம் முடிந்ததும் வெளியேறுகின்றனர். சில நாட்களில் கற்றுக்கொள்ளக்கூடிய ஒரே அசைவை அவர்கள் திரும்பத் திரும்பச் செய்கின்றனர். போசரியில் பட்டறை வைக்கும் அளவுக்கு அது கைத்தொழிலாவதில்லை.

சாக்கன் அறுவடை செய்வது முந்தைய தலைமுறை விதைத்ததை. மின்வாகனங்களின் வரவால் புதிய திறன்கள் தேவைப்படும் இவ்வேளையில், பலனுக்காக 11 ஆண்டுகள் காத்திருந்து தொழிலாளரை உருவாக்க முன்வரும் முதலீடு எங்கே என்பது புனேக்கு மட்டுமான வினா அன்று.